முள்ளம்பன்றியின் கேள்வித்தாள்

காட்டுப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் மனம் வாடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, முள்ளம்பன்றி டீச்சர் ஒரு கேள்வித்தாள் எழுதினாள். தலைமையாசிரியர் கரடிக்கு நம்பிக்கையில்லை.

"முதல்ல ஒரு வகுப்பில சோதிச்சுக் காட்டுங்க டீச்சர். ஆளை மாத்திச் சொல்லுச்சுன்னா ஆத்துல போட்டுடுவேன்."

'இரவில் தூக்கம் வருகிறதா?' என்ற கேள்விக்கு வௌவால் 'இல்லை' என்று எழுதியது. கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ராத்திரி தூங்கினா நான் எப்ப டீச்சர் சாப்பிடுறது?" என்றது வௌவால்.

முள்ளம்பன்றிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருந்தாலும், 'நீ தூங்கும் நேரத்தில் தூக்கம் வருகிறதா?' என்று மாற்றி எழுதி மறுபடியும் கொடுத்தாள். இந்த முறை 'இல்லை' என்று எழுதியது மைனா மட்டும்தான்.

"போச்சு," என்றார் கரடி. "என்னை மாதிரியே உறுமிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைக்கிற பிள்ளை. அதுக்கா கவலை? கொண்டாங்க தாளை."

அவள் தாளைக் கொடுக்கவில்லை. நேரே மைனாவிடம் போனாள். "யார் குரலும் வேண்டாம் கண்ணு. உன் குரல்ல சொல்லு, என்ன ஆச்சு?"

"என் குரலைக் கேட்டா அம்மா ஞாபகம் வருது டீச்சர்," என்ற மைனா தேம்பித் தேம்பி அழுதது. அழுது ஓய்ந்ததும், முட்களை மடக்கிக்கொண்ட அவள் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டது.

வகுப்பில் தூங்கினால் வெளியே நிறுத்துகிற கரடி, நுனிக்காலில் நடந்து பக்கத்து வகுப்புக்குப் போனார். அவர் கிசுகிசுத்தது முள்ளம்பன்றிக்கு நன்றாகவே கேட்டது.

"சத்தம் போடாதீங்க. அடுத்து உங்களுக்கும் அந்தக் கேள்வித்தாள் வருது."