முறைப்பாடு செய்தவள்

காட்டிக் கொடுத்தது யார் என்பதில் அஜந்தாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முந்தின நாள் பின்னேரம் நகரக் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் அதிகாரி அவளுடைய அழகு நிலையத்துக்கு வந்திருந்தாள். செவன் கிங்ஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கிற சின்னக் கடை அது. புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இரண்டு வருடமாக லேசரும் இருந்தது. முகத்தில் வளரும் முடியை எடுக்கிற மெஷின். அதற்குக் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், போடுகிறவர் அதைப் படித்திருக்கவும் வேண்டும். லைசென்ஸ் அஜந்தாவின் பெயரில்தான் இருந்தது. படித்துப் பாஸ் பண்ணியவளும் அவள்தான்.

ஆனால் அதிகாரி உள்ளே வந்தபோது மெஷின் கௌசியின் கையில் இருந்தது.

கௌசி அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். அஜந்தாவுக்கு இடுப்பில் நாரி நோவு வந்த பிறகு, குனிந்து நிற்கிற வேலை எல்லாம் கௌசியின் தலையில்தான். பக்கத்தில் நின்று பார்த்ததைத் தவிர லேசருக்கு என்று அவள் எதுவும் படிக்கவில்லை.

அதிகாரி சத்தம் போடவில்லை. விசாரணை முடியும் வரை யாரும் லேசர் போடக்கூடாது என்றாள். லைசென்ஸ் மிஞ்சுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றாள். இங்கே இப்படி நடக்கிறது என்று முறைப்பாடு வந்துதான் வந்திருக்கிறேன் என்று சொன்னவள், யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

அஜந்தாவுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

போன மாதம் ராஜலட்சுமியின் மகள் மஹதிக்கு லேசர் போட்டபோது முகத்தில், நாடிக்குக் கீழே சுட்டுவிட்டது. அந்தப் பிள்ளையின் நிறத்துக்கு மெஷினை எவ்வளவு குறைத்து வைக்க வேண்டும் என்று கௌசிக்குத் தெரியவில்லை. அஜந்தா கற்றாழை ஜெல் பூசி, ரெண்டு நாளில் மாறிவிடும் என்று அனுப்பிவைத்தாள். மாறவில்லை என்று தாய் போன் பண்ணினாள். அதற்குப் பிறகு அந்த நம்பரில் இருந்து வந்த அழைப்பு எதையும் அஜந்தா எடுக்கவில்லை.

இன்றைக்குக் காலை அவளே அந்த நம்பருக்கு அடித்தாள். மனதில் கிடந்ததை எல்லாம் கொட்டினாள். ஒரு சின்னத் தழும்புக்காக ரெண்டு குடும்பத்தின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்றாள். ராஜலட்சுமி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"பாத்தியே, வாய் திறக்கேல்லை. குற்றமுள்ள நெஞ்சு" என்றாள் அஜந்தா.

கௌசி டவல்களை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. ராத்திரி தூங்கியவள் போலத் தெரியவில்லை. அஜந்தாவுக்குப் பாவமாக இருந்தது. கடையே போனாலும் உன்னை நடுத்தெருவில் விடமாட்டேன் என்று ஆறுதல் சொன்னாள். இதைச் செய்தவள் நல்லாவே இருக்கமாட்டாள் என்றும் சொன்னாள்.

கௌசி அடுத்த டவலை எடுத்தாள்.

மத்தியானம் ராஜலட்சுமி நேரில் வந்துவிட்டாள். ஆபீஸிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை.

"இன்னும் என்ன இருக்கெண்டு வந்தனீங்கள்?" என்றாள் அஜந்தா.

"நான் பண்ணலைங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் வந்தேன்."

"பிறகு ஆர் செய்தது?"

ராஜலட்சுமி கௌசியைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமாம்மா?"

கௌசி சரி என்று தலையை ஆட்டினாள்.

ராஜலட்சுமி களைத்த குரலில் சொன்னாள். அஜந்தா போனை எடுக்காததால் கவுன்சிலுக்குப் போவது என்று முடிவு கட்டியிருந்தாளாம். அந்த வாரமே கௌசி வீடு தேடி வந்திருக்கிறாள். ஃபார்மஸியில் கேட்டு வாங்கிய மருந்தோடு மஹதிக்கு முன்னால் உட்கார்ந்து, இது என்ர கையால வந்தது பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள் என்று சொல்லியிருக்கிறாள்.

"கவுன்சிலுக்குப் போகப்போறேன்னு நான் சொன்னேன். வேண்டாம்னு கெஞ்சத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன்" என்றாள் ராஜலட்சுமி. "இவங்க, 'நீங்கள் அலைய வேண்டாம், நானே சொல்லுறன்'னாங்க."

அஜந்தா மெல்ல, வாடிக்கையாளர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீயா?" என்றாள். பிறகு, கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் போல, "உன்ர வேலையும் எல்லோ போகும்?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, கௌசி."

கௌசி கையில் இருந்த டவலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இது சரியாத் தெரியாது, படிக்க விடுங்கோ எண்டு கேட்டனான். அந்தப் பிள்ளை அழேக்கையும் சொன்னனான், இனி நான் தொடமாட்டன் எண்டு. அடுத்த நாளே மெஷினைக் கொண்டுவந்து கையில தந்தனீங்கள். உங்களிட்டத்தான் அக்கா முதல் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை. அதுதான், கேக்கிற ஆக்களிட்டப் போய்ச் சொன்னன்."