மூலைக்கு மண்டி போடணும்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியாக வீடு திரும்பியபோது, கதவில் 'பெருக்கும் வாரம்' பலகை தொங்கியது. ஜெர்மனியில், எங்கள் ஸ்டுட்கார்ட்டில் அது யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படி அவர் பொறுப்பு.

மறுநாளே கீழ்வீட்டு பாயர்லே அம்மா ஏறி வந்துவிட்டார்.

"படியெல்லாம் ஒரே தூசி, ரோமிக் அம்மா."

"வயித்துல தையல் போட்டிருக்கு. குனியக் கூடாது."

"பலகை உங்க கதவுலதானே தொங்குது?"

"தொங்கட்டும். நான் தொடப்பத்தைத் தொட மாட்டேன். இன்ஷூரன்ஸ்ல வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புறாங்க. நாளைக்கு அவங்க பெருக்குவாங்க."

"ஓசி ஆளா?"

"ஓசி இல்லை. இத்தனை வருஷமா என் சம்பளத்துல பிடிச்ச பணம்."

"யாரா இருந்தா என்ன, சும்மா பெருக்கிட்டுப் போகக் கூடாது. ஈரத்துணியால துடைக்கணும். மூலைக்கு மண்டி போடணும். கைப்பிடியையும் விடக் கூடாது."

"நீங்க சொன்னபடியே செய்யச் சொல்றேன்."

அவர் பையில் கைபேசி அடித்தது. "ஆமா, நாளைக்கு வேலைக்கு வரேன். எந்தத் தெரு?" கேட்டவர், என் கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "எங்க கட்டடமேவா?"

இன்ஷூரன்ஸுக்கு ஆள் அனுப்பும் வீட்டு உதவி நிலையத்தில் அவர் பகுதிநேர வேலை பார்ப்பது யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"உங்க கட்டடத்துலயே ஒருத்தர் இருக்காங்க, அனுப்பவான்னு காலையில கேட்டாங்க. அவங்களை விட்டா வேற யாரும் வேண்டாம்னுட்டேன்."

கதவை மெல்லச் சாத்திக்கொண்டே சொன்னேன்.

"முட்டிக்கு அடியில போட ஏதாவது எடுத்துட்டு வாங்க. மூலை நிறைய இருக்கு."