குணமாகி வந்தவர்

"யம்மா, அவரு கடிச்சுக் கிடிச்சு வைக்க மாட்டாருல்ல?"

வெள்ளைத்துரை கேட்டதும் ஜோசபின் சிரித்துவிட்டாள். "இவரா? எறும்பைக்கூட மிதிக்க மாட்டாருண்ணே."

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய அலங்காநல்லூர் பஸ், மதுரையைத் தாண்டுவதற்குள் மூன்று முறை நின்றிருந்தது. பொழுது போகாமல் அவன்தான் பேச்சுக் கொடுத்தான், "எங்கருந்து தாயி வாரீக?" என்று.

"சென்னப்பட்டணம். பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலருந்து."

அவள் பளிச்சென்று சொல்லவும், அவளருகே மூன்று நாள் தாடியோடு தலை தொங்க உறங்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துப் பாதி பஸ் பின்னால் ஒதுங்கிவிட்டது. வெள்ளைத்துரை மட்டும் நகரவில்லை.

"என்ன செஞ்சுச்சாம்?"

"காதுக்குள்ள யாரோ ஏசிக்கிட்டே இருப்பாங்க. சோத்துல விஷம்னு தோணும். மூணு வருஷ வைத்தியம். இப்பத் தேவலை. திங்கக்கிழமை மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகணும்."

"விஷயம் தெரிஞ்சா பிள்ளைகளை அனுப்புவாகளா?"

"நாங்களே சொல்லப்போறோம்ணே. டைபாய்டு வந்து போனா மறைக்கிறோமா? இதுவும் சீக்குதானே."

வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஊர்லயும் ஒருத்தன் இருக்கான் தாயி. தொழுவத்துல சங்கிலி போட்டு வச்சிருக்காக. அவுத்துவிட்டா அடிக்கிறான்."

"பயத்துல அடிக்கிறாரு. கட்டிப்போட்டா பயம் கூடத்தான் செய்யும். யாருண்ணே அவரு?"

வெளியூரில் யார் கேட்டாலும், அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கிறான் என்றே சொல்லி வந்தவன் வெள்ளைத்துரை. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என் தம்பி," என்றான், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "பேரு நல்லகாமன். தங்கமான பய."

ஜோசபின் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, குலுங்கக் குலுங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அவர்கள் இறங்கவேண்டிய மாதாகோயில் நிறுத்தம் வந்தது. உறங்கியவரை உலுக்கி எழுப்பி, பெட்டியை அவள் தூக்கிக்கொண்டாள்.

வெள்ளைத்துரை எழுந்து கும்பிட்டான். "இன்னைக்கே சங்கிலிய அவுக்கிறேன். அடுத்த வாரம் பட்டணம் போறோம். உங்களை மாதிரி ஒரு நர்சம்மா கெடைச்சா என் தம்பியும் தேறிருவான்."

"நான் நர்சு இல்லண்ணே," என்றாள் அவள், படியில் நின்று திரும்பி. "இவரு என் வீட்டுக்காரரு. குணமாயிட்டேன்னு தந்தி போனதும் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாரு."