பெண்ணின் எலி

பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்ததும் எலியைக் கேட்டார்கள். இப்போதெல்லாம் ஜாதகத்தை யார் பார்க்கிறார்கள்? பெண்ணின் மரபணுவை ஏற்றி வளர்த்த எலி ஒரு வயதுக்குள் வழியை மறந்தால், அவளும் நாற்பது வயதில் எல்லாவற்றையும் மறக்கத் தொடங்குவாள் என்பது ஊருக்கே தெரியும்.

பெண்ணின் அப்பா தனபாலன், தரையில் விரித்திருந்த புதிர்ப்பாதையின் வாசலில் கூண்டை வைத்துத் திறந்தார். எலி சந்துசந்தாகத் திரும்பி ஓடி, எங்கும் தயங்காமல் கடலைமிட்டாயிடம் போய்ச் சேர்ந்தது.

"அம்மாடி, நான் திட்டுறதை என் மருமக நூறு வயசானாலும் மறக்கமாட்டா போலிருக்கே!" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். "சம்மந்தி, தட்டு மாத்திக்கலாம்."

பெண் சுடர்க்கொடி ஓசூரில் வேலை பார்க்கிறாள்; ஆறு மாதம் கழித்து இன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் குனிந்து எலியைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இது என் எலி இல்லை. அதுக்கு இடது காது கிழிஞ்சிருக்கும்."

மாப்பிள்ளையின் அம்மா சிரிப்பை நிறுத்தினாள். வந்தவர்கள் முன்னால் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடுமே என்றுதான் தனபாலன் ஒரு வாரமாகப் பயந்திருந்தார். இப்போது அவர்கள் யாரும் அவர் கண்ணில் படவில்லை. மகளிடம் சொல்ல வாய் வராததை, நாலு பேர் நடுவில், ஒரு திருட்டுத்தனத்தால் சொல்லிவிட்டோம் என்று உறைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

அவள் எலியைப் பதமாகக் கூண்டில் விட்டாள்.

"என்னோடது எப்பப்பா வழியை மறந்துச்சு?"

"ஆடியிலயே, கண்ணு" என்றார் தனபாலன், தரையைப் பார்த்தபடி.