கறுப்பு மொச்சை

மாப்பிள்ளை வீட்டு மேசையில் இருந்த ஜாடியை எட்டிப் பார்த்த கூ வென்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே பார்த்த இடமெல்லாம் கறுப்பு மொச்சை. வெள்ளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தது.

"இவனுக்கா என் பொண்ணைக் கேட்டு வந்தே?" கல்யாணத் தரகுக்காரி பானிடம் சீறினார்.

சீனாவின் சூசோ நகரத்தில் படித்த ஆண்கள் மேசையில் இப்படி ஒரு ஜாடி இருக்கும். படுக்கப் போகுமுன் அன்றைய பொழுதை நினைத்துப் பார்த்து, நல்ல எண்ணத்துக்கு வெள்ளை மொச்சையும் கெட்ட எண்ணத்துக்குக் கறுப்பும் போட வேண்டும். தன் மனசுக்குத் தானே நீதிபதி. சுலபமான வேலையா அது!

"மாப்பிள்ளை தங்கம் ஐயா. பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருக்கான். இப்ப வந்துடுவான், பாருங்களேன்" என்றாள் பான்.

"தங்கம் இவ்வளவு கறுப்பாவா இருக்கும்? என் ஜாடியில விளக்கு வச்சுத் தேடினாலும் ஒரு கறுப்பு கிடைக்காது, தெரியுமில்ல? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. அவளைக் கிணத்துல தள்ளச் சொல்றியா?"

தேநீரோடு வந்த மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"மறைக்க ஒண்ணுமில்லைங்க. முதல்ல எல்லாம் வெள்ளையாத்தான் போட்டுக்கிட்டிருந்தான். படிக்கப் படிக்கத்தான் கறுப்பு ஏறிடுச்சு."

வென்பின் குழம்பிப்போனார். "படிச்சா மனுஷன் கெட்டுப்போவானாம்மா? எனக்கு ஒண்ணும் விளங்கலையே!"

"எனக்கும் விளங்கலைங்க. ஆனா..." தயங்கினாள். "வெள்ளை போட்ட காலத்துல கஞ்சி ஆறிப்போச்சுன்னா கிண்ணத்தை என் மேலயே வீசுவான். வீசிட்டு, 'அம்மாவைத் திருத்தினேன்'னு ராத்திரி ஒரு வெள்ளை போடுவான்."

"இப்ப?"

"ஆறின கஞ்சியைப் பேசாம குடிச்சுடறான். 'மனசுக்குள்ள முகம் சுளிச்சேன்'னு ஒரு கறுப்பு போடறான்."

வென்பின் தேநீரைத் தொடவில்லை. காலையில் தன் வீட்டிலிருந்து புறப்படும்போது தொப்பியை எடுத்துத் தரத் தாமதித்த மனைவியை, வேலைக்காரர்கள் முன்னால் அவர் கிழிகிழியென்று கிழித்திருந்தார். அவளைத் திருத்தியதற்காக இன்று ராத்திரி ஒரு வெள்ளை போடுவதாகவும் இருந்தார்.

"அப்போ வேற இடம் பார்க்கட்டுமா ஐயா?" பான் மெல்லக் கேட்டாள்.

அவர் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா," என்றார். "கறுப்பு மொச்சை மிச்சமிருந்தா ஒரு பிடி குடுங்க. எங்க வீட்டுக்கு நான் அதை வாங்கினதே இல்லை."