எட்டாவது வேட்டு

இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. கல் ஏற்றியது போதும் என்று குவாரி டீக்கடை பெஞ்சில் சடையன் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இடது மணிக்கட்டுக்குக் கீழே கை கிடையாது. வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் அது எப்படிப் போனது என்று கேட்டார்.

"எல்லாம் என் அவசரந்தான். பாறையில எட்டுக் குழிக்கு வெடிமருந்து வச்சோம். எட்டு வேட்டும் எண்ணி முடிச்சாத்தான் பள்ளத்துல எறங்கணும். இந்தா, பக்கத்துல உக்காந்திருக்கிற நம்ம மாசிலாதான் மேட்டுல நின்னு எண்ணுனாப்ல. 'ஏழுதான் ஆச்சு, எறங்காத மாமா'ன்னு தொண்டை கிழியக் கத்துறாப்ல. கேட்டாத்தானே? கழுதப் புத்தி! எறங்குனதும் எட்டாவது வெடிச்சுக் கையக் கொண்டுபோயிருச்சு."

"அதே அவசரத்துலதான் எனக்குத் தாலியும் கட்டுச்சு இந்த மனுசன்," என்றாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி வெள்ளைத்தாய். பெஞ்சே சிரித்தது.

நான் அப்படிக் கத்தவில்லை. பாறையில் மோதித் திரும்பிய எதிரொலியையும் ஒரு வேட்டாக எண்ணி, "எட்டாச்சு, எறங்கு மாமா" என்றேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "எட்டுன்னுதானே மாப்ள சொன்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷம், "நீ என்ன சொன்ன?" என்று கேட்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு பதிலை அவரே உண்டாக்கிக்கொண்டார். இப்போது கேட்டால், நான் ஏழு என்றுதான் கத்தினேன் என்று சத்தியமே செய்வார்.

"அப்படித்தானே மாப்ள?" என்று என் முகத்தைப் பார்த்தார். ஆறிப்போன டீயை ஊதினேன்.

பதினோரு வருஷமாக அவருக்கு நான் தராமல் வைத்திருப்பது ஒரே ஒரு பதில்: எட்டு என்றுதான் சொன்னேன்.