அக்காவின் அட்டவணை

“இருபது கிலோமீட்டருக்கு நாலே முக்கால் மணி நேரமா?”

தம்பி வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. அக்கா பேனாவும் கையுமாக பிரிட்ஜ் பக்கத்தில் நின்றாள். பிரிட்ஜ் கதவில் அவளே கோடு போட்டு எழுதி ஒட்டிய பதினெட்டு வார அட்டவணை.

“காட்டுப் பாதை அக்கா. மேடு, பள்ளம், வேரு...”

“போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னே. வேரு அதுக்குள்ள வளர்ந்துடுச்சா?”

அடுப்படியில் தம்பி மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

“நடந்து போனவனே இந்நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பான். ஓடினியா, மரத்தடியில துண்டை விரிச்சியா?”

“கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்க்கா.”

“கொஞ்ச நேரமாம்.”

தம்பி முடிதிருத்துபவன். வயது நாற்பத்தொன்று. இருபது வருஷமா ஒரு நாற்காலியையே சுத்திச் சுத்தி வர்றேன், ஒரு தடவையாவது நேராப் போய்ப் பார்க்கணும் என்று சொல்லித்தான் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவை.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு காலத்தில் நூறு மீட்டரில் அவளை முந்த ஆள் கிடையாது. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள் செய்கிற வேலை என்பது அவள் கட்சி. போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ்ஸுக்குக்கூட ஓடுவதில்லை.

“கணக்குப் பாரு. இந்த வேகத்துல நாற்பத்திரண்டை முடிக்கப் பத்து மணி நேரம் ஆகும். போட்டி நடத்தறவங்க ஆறு மணி நேரத்துல கடையைக் கட்டிடுவாங்க. பாதி வழியில வேன்ல ஏத்திக் கொண்டுவந்து விடுவாங்க. உன் கடைக்கு வர்றவங்க சும்மா இருப்பாங்களா?”

“அவங்க கழுத்துல என் கத்தி இருக்கும்கா. பேசமாட்டாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. “அரை மாரத்தானுக்கு மாத்திக்க இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி. மாத்திடப்போறேன்.”

தம்பி ஷூ கயிற்றைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

“நீ சொன்னா சரிக்கா” என்று எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

அக்கா போனை எடுத்து, ‘என் தம்பியின் பெயரை’ என்று தட்டும்போதே அழைப்பு வந்தது. தெரியாத எண்.

“காட்டுச் சோதனைச் சாவடியிலேருந்து பேசறேங்க. ஓட வந்தவரு வீடு வந்துட்டாரா? வெளியே போறப்ப கையெழுத்துப் போடலை. அவசரத்துக்குன்னு உங்க நம்பர்தான் குடுத்திருக்காரு.”

“வந்துட்டாருங்க. மன்னிச்சுக்கோங்க.”

“பரவால்லைங்க. மேல இருக்கற காவல் கோபுரம் வரைக்கும் போற ஆளாச்சே, விழுந்து கிழுந்து வெச்சுட்டாரோன்னு பார்த்தேன்.”

“கோபுரமா? அது எவ்வளவு தூரம்?”

“போக பதினாறு கிலோமீட்டருங்க. போய்ட்டு வந்தா முப்பத்திரண்டு. போன வாரமும் அங்கேதான் போனாரு. உட்காரவே மாட்டாரு, தண்ணி குடிச்சதும் திரும்பிடுவாரு.”

போனை வைத்துவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனாள்.

“ஏம்மா, நான் இருபது எழுதினா உன் புருஷன் எதுக்கு முப்பத்திரண்டு ஓடறான்?”

தம்பி மனைவி குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு அண்ணி.”

“சரி, சொல்லாதே. காட்டு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். அக்கா தன் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய வெளிநாட்டுப் புத்தகம். அதைப் பார்த்துத்தான் அட்டவணை எழுதினாள். தம்பி மனைவி பட்டியல் இருந்த பக்கத்தை விரித்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரல் வைத்தாள்.

தூரம் எல்லாம் மைல் கணக்கில். அவள் அட்டவணையில் எழுதியதெல்லாம் கிலோமீட்டர்.

அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“எப்ப பார்த்தான்?”

“முதல் மாசமே. ஆபரேஷன் ஆகி நாலு மாசம் நீங்க சுவரைப் பார்த்தே படுத்திருந்தீங்க அண்ணி. இதை எழுதத்தான் எழுந்து உட்கார்ந்து ஸ்கேல் கேட்டீங்க. அதுல போய் தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு...”

குளியலறையில் தண்ணீர் நின்றது. அக்கா புத்தகத்தை மூடி, அவள் கையில் திணித்தாள். போனில் தட்டியதை அழித்தாள்.

தம்பி தலையைத் துவட்டியபடி வந்தான். “அனுப்பிட்டியாக்கா?”

“இல்லைடா. பதினாலு வாரம் ஓடிட்டே, முழுசாவே ஓடிப் பாரு. வேன்ல வந்தாலும் என் தம்பிதானே.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மும்முரமாகப் பாத்திரம் தேய்த்தாள்.

“நிஜமாவாக்கா?”

“முதல்ல இன்னிக்குக் கணக்கைச் சொல்லு. எவ்வளவு ஓடினே?”

“இருபதுதான்கா. நீ எழுதினதுதானே.”

அக்கா கட்டத்தில் ‘20’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

“அடுத்த ஞாயிறு பன்னிரண்டுதான். உடம்பு கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்.”

“பன்னிரண்டுதானே, ஜமாய்ச்சுடறேன்” என்று அவன் துண்டை உதறினான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விரல்களை மடக்கி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தான்.

அக்காவும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். பத்தொன்பது கிலோமீட்டர் வந்தது.